விஸ்கி வரியை எதிர்த்தவர் கட்டிய பேய் வீடு

அரளியை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயில் மாலையிலும் இருக்கும், நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகவும் பூத்து நிற்கும். ஆனாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "அதைத் தொட்டுட்டு வாயில கை வைக்காதே" என்று சொல்லித்தான் வளர்ப்போம். அதே அரளிதான் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு பழைய தோட்ட மாளிகையின் பேய்க்கதைக்கும் மூலப்பொருள்.

மிசிசிப்பி ஆற்றுக்குப் பக்கத்தில் செயின்ட் பிரான்சிஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே இருக்கிறது 'தி மர்ட்டில்ஸ்' என்ற அந்த வீடு. நூறு அடிக்கு மேல் நீளும் முன் தாழ்வாரம், அதில் திராட்சைக் கொத்து வடிவில் வார்த்த இரும்பு அழிகள், சுற்றிலும் பாசி தொங்கும் ஓக் மரங்கள். 1978இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று அது தங்கும் விடுதி. அமெரிக்காவிலேயே பேய் நடமாட்டம் அதிகமுள்ள வீடு என்று பெயர் வாங்கியது. இருட்டியதும் ஆட்களைக் கூட்டிச் சென்று கதை சொல்கிறார்கள்.

அதில் முதல் கதை குளோயி என்ற அடிமைப் பெண்ணுடையது. 1820களில் வீட்டின் எஜமானராக இருந்த கிளார்க் உட்ரஃப் அவளைத் தன் ஆசைக்கு வைத்துக்கொண்டாராம். வயல் வேலைக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் அவள் கதவோரம் நின்று பேச்சை ஒட்டுக்கேட்டாளாம். கையும் களவுமாகப் பிடிபட்டதும் அவள் காதை அறுத்துவிட்டார்களாம். அந்த வடுவை மறைக்கத் தலையில் பச்சைத் துணி கட்டிக்கொண்டாள். பிறகு பிறந்தநாள் கேக்கில் அரளி இலையைக் காய்ச்சிக் கலந்தாள். பிள்ளைகளுக்கு லேசாக உடம்புக்கு முடியாமல் போக, தானே பக்கத்திலிருந்து தேற்றி மறுபடி நல்ல பெயர் வாங்கலாம் என்பது கணக்கு. அளவு தவறியது. எஜமானி சாராவும் இரண்டு பெண் குழந்தைகளும் செத்துப்போனார்கள். பயந்துபோன மற்ற அடிமைகளே குளோயியைத் தூக்கிலிட்டு, உடலில் கல்லைக் கட்டி ஆற்றில் போட்டார்கள். இப்போதும் பச்சைத் தலைக்கட்டோடு அவள் இரவில் நடமாடுகிறாள்.

கேட்டால் யாருக்கும் மனம் கலங்கும். ஆனால் ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு உட்ரஃப் குடும்பத்தின் அடிமைகளில் குளோயி என்று ஒருத்தி கிடைக்கவில்லை. விஷம் வைத்துக் கொன்றதாகவும் பதிவு இல்லை. அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது, எதை மூடி வைக்க வந்தது? அதற்கு வீட்டைக் கட்டியவரிடமிருந்து தொடங்க வேண்டும். பேய்ச் சுற்றுலாவில் அவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். எனக்கோ இந்த வீட்டின் மிக முக்கியமான கதை அவருடையதுதான் என்று படுகிறது.

பெயர் டேவிட் பிராட்ஃபோர்ட். மேரிலாந்தில் பிறந்தவர், வழக்கறிஞர். 1780களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில் உள்ள வாஷிங்டன் என்ற ஊருக்கு வந்து தொழில் நடத்தினார், சீக்கிரமே அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞரும் ஆனார். 1788இல் அங்கே கல்வீடு ஒன்று கட்டினார். மரக்கட்டைகளை அடுக்கிக் குடிசை போட்டு மக்கள் வாழ்ந்த ஊரில் அப்படி ஒரு வீடு என்றால் அவர் எவ்வளவு வசதியாக இருந்தார் என்பது புரியும். அந்தக் கல்வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரே மனிதர் கட்டிய இரண்டு வீடுகளும் இரண்டு மாநிலங்களில் இப்படிப் பிழைத்திருப்பது அரிது.

இவ்வளவு சொத்தும் பதவியும் உள்ளவர் இரவோடு இரவாக ஓட வேண்டி வந்தது விஸ்கியால். குடித்ததால் இல்லை, வரியால்.

அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே இருந்த விவசாயிகளின் நிலைமை இது. கம்பு போன்ற ரை தானியம் நன்றாக விளையும். விற்க வேண்டுமென்றால் மலை தாண்டிக் கிழக்கே போக வேண்டும். பாதை கிடையாது, குதிரை முதுகுதான். ஒரு பொதி குதிரை தானியமாகச் சுமந்தால் 4 புஷல், அதாவது ஏறக்குறைய 100 கிலோ. அந்தத் தானியத்தையே வடித்து விஸ்கியாக்கி இரண்டு பீப்பாயில் ஏற்றினால் 24 புஷல் தானியத்தின் மதிப்பை அதே குதிரை சுமந்துவிடும். அதனால் வடிகலன் அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. நம்மூரில் விளைந்த நெல்லைக் கூலியாக அளந்த காலம் போல, அங்கே கையில் காசே புழங்காத ஊர்களில் விஸ்கியே கூலி, விஸ்கியே வாடகை, சில இடங்களில் பாதிரியாரின் சம்பளமும் அதுதான்.

1791இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் விடுதலைப் போரின் கடனை அடைக்க உள்நாட்டு மதுவுக்கு வரி போட்டார். சிறு வடிப்போருக்கு காலனுக்கு 9 சென்ட் வரை. பெரிய ஆலைக்காரர்களுக்கு இதைவிடக் குறைவாகவே விழும்படி சட்டம் இருந்தது. தொகையைவிட மோசமானது அதை ரொக்கமாகக் கட்டச் சொன்னது. கையில் ரொக்கமே இல்லாத மனிதனிடம் ரொக்கம் கேட்டால் அவன் என்ன செய்வான்? கட்டாதவர்கள் மேல் வழக்கு, அந்த வழக்கு நடப்பதோ சுமார் 300 மைல் தள்ளி பிலடெல்ஃபியாவில். போய்வருவதற்குள் பயிர் போய்விடும். 1794 ஜூனில் உள்ளூர் நீதிமன்றங்களிலேயே விசாரிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்த ஜூலையில் கொண்டுவந்து கொடுத்த அழைப்பாணைகள் பழைய சட்டப்படி எழுதப்பட்டவை. அந்த ஒரு பிழை போதுமானதாக இருந்தது.

ஜூலை 16, 17 தேதிகளில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் பவர் ஹில் மாளிகையைக் கூட்டம் சூழ்ந்தது. விடுதலைப் போரில் போரிட்ட ஜேம்ஸ் மெக்ஃபார்லேன் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சுடப்பட்டுச் செத்தார், மாளிகை எரிந்தது. அந்தத் தாக்குதலில் பிராட்ஃபோர்ட் இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் கலகத்தின் முகமாக அவர் மாறிவிட்டார். நேற்றுவரை குற்றவாளிகள் மேல் வழக்கு நடத்தியவர், பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பிய அரசுத் தபாலை வழிமறித்துப் பறிக்கச் சொன்னார். பைகளைப் பிரித்துப் பார்த்ததில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கலகக்காரர்களைத் திட்டி எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆயுதத்தோடு பிராடக் மைதானத்தில் கூடுங்கள் என்று அழைப்பு போனது. நடுவில் அவருக்கே பயம் வந்து கூட்டத்தை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். மக்கள் கோபப்பட்டதும் அதையும் மாற்றிக்கொண்டார்.

சுமார் 7,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் சொந்த நிலம்கூட இல்லாதவர்கள். பிராட்ஃபோர்டை 'மேஜர் ஜெனரல்' ஆக்கினார்கள். தொப்பியில் இறகு அசைய, உருவிய வாளோடு, அலங்கரித்த குதிரைமேல் அவர் சுற்றிச் சுற்றி வந்ததைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். லூசியானாவில் அவரை இன்றும் 'ஜெனரல் பிராட்ஃபோர்ட்' என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த மைதானத்தில் கூடியவர்கள் கொடுத்த பட்டம் அது. பிறகு கூட்டம் பிட்ஸ்பர்க்குக்குள் நடந்தது. ஊரை எரித்துவிடுவார்களோ என்று நடுங்கிய நகரத்தார் தெருவில் சாப்பாடும் விஸ்கியும் வைத்து உபசரித்து, ஆற்றைக் கடத்தி அனுப்பிவைத்தார்கள். ஹியூ ஹென்றி பிராக்கன்ரிட்ஜ் என்ற வழக்கறிஞர் மட்டும் நான்கு பீப்பாய் பழைய விஸ்கியைக் கொடுத்திருக்கிறார். விஸ்கியால் வந்த கலகம் விஸ்கியாலேயே அன்று ஒரு ஊரை எரிக்காமல் போனது.

அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. நான்கு மாநிலங்களிலிருந்து கிட்டத்தட்ட 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, பதவியில் இருக்கும்போதே தானும் பாதிவழிவரை கூட வந்தார். படை வந்து சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளே இல்லை. பிராட்ஃபோர்ட் ஓடிப்போயிருந்தார். பின்பக்க ஜன்னல் வழியாகக் குதிரை மேல் குதித்துத் தப்பினார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஒஹையோ ஆற்றில் இறங்கி, அப்புறம் மிசிசிப்பி வழியாகத் தெற்கே போனார் என்பது உறுதி. நவம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, மன்னிக்கப்படாதவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

தேசத்துரோகக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஜான் மிட்செல், பிராட்ஃபோர்டின் பேச்சைக் கேட்டுத் தபாலைப் பறித்த ஏழை. மற்றவர் பிலிப் வீகல். இருவரையும் வாஷிங்டன் 1795இல் மன்னித்துவிட்டார். விஸ்கி வரி 1802இல் ரத்தானது. அதற்குள் வாஷிங்டனே தன் மவுன்ட் வெர்னன் பண்ணையில் வடிசாலை வைத்து, 1799இல் மட்டும் சுமார் 11,000 காலன் விஸ்கி எடுத்திருந்தார்.

பிராட்ஃபோர்ட் போய்ச் சேர்ந்த இடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அவரது வழக்கறிஞர் மூளை புரியும். அப்போது மிசிசிப்பியின் கீழ்ப்பகுதி ஸ்பெயின் கையில் இருந்தது. 1795 ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினின் மேற்கு ஃபுளோரிடாவுக்கும் எல்லையாக 31ஆம் பாகை அட்சக்கோடு வகுக்கப்பட்டது. செயின்ட் பிரான்சிஸ்வில் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. அமெரிக்கச் சட்டத்தின் கை எட்டாது. ஆனால் ஆறும் வணிகமும் மொழி தெரிந்த அண்டை அயலாரும் பக்கத்திலேயே. ஸ்பானிய அரசிடம் சுமார் 600 ஏக்கர் நிலம் பெற்று, 1796இல் வீடு கட்டினார். வைத்த பெயர் 'லாரல் குரோவ்'. இப்போது இருப்பதில் பாதி அளவுதான் அன்றைய வீடு. மனைவி எலிசபெத்தும் ஐந்து பிள்ளைகளும் பென்சில்வேனியாவிலேயே இருக்க, சில வருடங்கள் தனியாகக் காலம் தள்ளினார்.

1799இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் அவரை மன்னித்தார். குடும்பத்தைக் கூட்டிவந்தார். பழைய ஊரில் போய் வாழ அவருக்கு இனி தடை இல்லை, ஆனாலும் போகவில்லை. ஏன் என்பதற்கு அந்த மண்ணே பதில் சொல்லும். 1793இல் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரம் வந்தது. அந்தப் பக்கத்தில் அதுவரை பணம் கொழித்த அவுரிப் பயிர், பூச்சி விழுந்து 1790களின் நடுவில் அழிந்துகொண்டிருந்தது. பருத்தி அந்த இடத்தைப் பிடித்தது. பருத்தி என்றால் ஆள், ஆள் என்றால் அடிமை. அவர் விட்டுவந்த பென்சில்வேனியாவில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் 1780இலேயே வந்திருந்தது. வந்து சேர்ந்த இடத்திலோ தோட்டம் என்ற சொல்லே அடிமைகளைச் சேர்த்துத்தான் பொருள்படும்.

இங்கேதான் எனக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிராட்ஃபோர்ட் 1808இல் இறந்தார். மூன்றே வருடத்தில், 1811 ஜனவரியில், அதே ஆற்றின் கீழ்க்கரையில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி அதுதான் என்கிறார்கள். சார்ல்ஸ் டெலோண்ட் தலைமையில் நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தவர்களை இரண்டே நாளில் அடக்கினார்கள். சண்டையிலும் அதற்குப் பிறகு நடந்த விசாரணைகளிலும் கொல்லப்பட்டவர்கள் பல டஜன் பேர். அவர்கள் தலைகளை வெட்டி, ஆற்றங்கரைச் சாலை நெடுகக் கழிகளில் செருகி வைத்தார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று. வரி கட்டமாட்டோம் என்று 7,000 பேரைத் திரட்டியவருக்கு மன்னிப்பும் மாளிகையும் கிடைத்தன. நாங்கள் மனிதர்கள் என்று எழுந்தவர்களுக்குக் கழிமுனை கிடைத்தது. லாரல் குரோவ் வீட்டின் அஸ்திவாரத்தில் கிடப்பது அந்த மன்னிப்புதான், அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற கணக்குதான்.

சரி, உட்ரஃபுக்கு வருவோம். கிளார்க் உட்ரஃப் கனெக்டிகட்டிலிருந்து வந்த இளைஞர், பிராட்ஃபோர்டிடம் சட்டம் படித்தவர் என்று வீட்டு வரலாறு சொல்கிறது. 1817இல் பிராட்ஃபோர்டின் மகள் சாரா மடில்டாவை மணந்துகொண்டு, அதுவரை மாமியார் எலிசபெத் நடத்திவந்த தோட்டத்தைத் தானே பார்க்கத் தொடங்கினார். மூன்று பிள்ளைகள்: கொர்னீலியா, ஜேம்ஸ், மேரி ஆக்டேவியா. 1823 ஜூலையில் சாரா இறந்தார். மறு வருடம் ஜூலையில் ஜேம்ஸ், செப்டம்பரில் கொர்னீலியா. மூன்று சாவுக்கும் காரணம் மஞ்சள் காய்ச்சல்.

கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதையில் மூவரும் ஒரே கேக்கைத் தின்று சேர்ந்தாற்போல் சாகிறார்கள். நிஜத்தில் முதல் சாவுக்கும் கடைசிச் சாவுக்கும் இடையே 14 மாதம். கதையில் இறந்தது இரண்டு பெண் குழந்தைகள், நிஜத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும். பிழைத்த மேரி ஆக்டேவியா வளர்ந்து பெரியவளானாள்.

மஞ்சள் காய்ச்சல் எப்படிக் கொல்லும் என்று தெரிந்தால், விஷக் கதை ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்பதும் புரியும். நேற்று ஓடியாடிய பிள்ளைக்கு இன்று திடீரென்று காய்ச்சல், தலைவலி, வாந்தி. மூன்று நான்கு நாளில் சற்றுத் தெளிந்தாற்போல இருக்கும், வீட்டார் மூச்சு விடுவார்கள். பிறகு சிலருக்கு மறுபடி திரும்பும். உடம்பு மஞ்சளாகும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் கறுத்து, காப்பித்தூள் கரைத்தாற்போல் வாந்தியில் வரும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது யாரோ எதையோ கொடுத்துவிட்டது போலத்தான் தெரியும். பகலில் கடிக்கும் ஏடிஸ் எகிப்தி கொசுதான் இதைப் பரப்புகிறது என்று வால்டர் ரீட் குழு நிரூபித்தது 1900இல். அதுவரை கெட்ட காற்று, அழுகிய சாக்கடை, கடவுளின் கோபம் என்று மக்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தக் கிருமியும் கொசுவும் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில்தான். குடிதண்ணீர்ப் பீப்பாய்களில் கொசு முட்டையிட்டுப் பெருகியது. உட்ரஃப் வீட்டுப் பிள்ளைகளைக் கொன்றதை அந்த வியாபாரமே கடல் தாண்டி அழைத்து வந்திருந்தது.

சமையல்காரி விஷம் வைப்பாள் என்ற பயம் தோட்ட முதலாளிகளிடம் வெகு காலமாக இருந்தது. 1748இலேயே வர்ஜீனியாவில், அடிமை ஒருவர் மருந்து தயாரித்தாலோ கொடுத்தாலோ மரண தண்டனை என்று சட்டம் போட்டிருந்தார்கள். யாரை மிருகம்போல் நடத்துகிறோமோ அவர்கள் கையாலேயே மூன்று வேளையும் சாப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? குளோயி கதையில் வருவது அந்தப் பயம்தான்.

அந்தக் கதையும் ஒரே நாளில் முளைத்ததாகத் தெரியவில்லை. 1950களில் இந்த வீட்டைப் பற்றிச் சொன்ன பேய்க்கதையில் வருவது பச்சைத் தொப்பி போட்ட ஒரு வயதான பெண்மணி மட்டும். அவளுக்குப் பெயர் இல்லை, காது அறுபடவில்லை, கேக்கும் இல்லை. பின்னால் வீடு விடுதியாகி, விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் பச்சைத் தொப்பி பச்சைத் தலைக்கட்டானது. தலைக்கட்டுக்குக் காரணம் வேண்டியிருந்தது, காது போனது. காது போனதற்குப் பழி வேண்டியிருந்தது, அரளி வந்தது. 1992இல் காப்பீட்டுக்காக வீட்டைப் படம் பிடித்தபோது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நிழல் உருவம் விழுந்திருந்தது. அதுதான் குளோயி என்று அஞ்சலட்டையாக அச்சிட்டார்கள். அதற்கப்புறம் அவளை மறுக்கவே முடியாதபடி ஆகிவிட்டது.

பேய்க்கதை சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை. சின்ன வயதில் கதை கேட்டு, போர்வைக்குள் முடங்காதவர் யார்? என் வருத்தம் இந்தக் கதை யார்மேல் பழியை இறக்குகிறது என்பதில். எஜமானர் ஒரு பெண்ணைத் தன் ஆசைக்கு வைத்துக்கொள்கிறார், காதை அறுக்கிறார். ஆனால் கதை முடியும்போது கொலைகாரி அவள். அவளைத் தூக்கில் போடும் கயிறுகூட எஜமானர் கையில் இல்லை, அவளைப் போன்ற அடிமைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அடிமைப் பெண்களை எஜமானர்கள் சீரழித்ததும், தடுக்கச் சட்டம் இல்லாததும் அந்த நாட்டின் நிஜம். அந்த நிஜத்தை எடுத்து, எஜமானரின் கவனத்துக்காக ஏங்கிய ஒருத்தியின் கதையாக மாற்றிவிட்டார்கள். எஜமானர் தன்னைக் கைவிட்டு வயலுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம் அவளுக்கு இருந்ததாம். அனுப்புவது என்றால் என்ன? முதுகு ஒடியப் பருத்தி பறிப்பது. அந்த வயலில் விடிந்தது முதல் இருட்டும்வரை நின்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒருத்திக்கு இவ்வளவு பயம் தந்த வயல் எப்படி இருந்திருக்கும் என்று கதை கேட்பவர் யாரும் கேட்பதும் இல்லை.

மற்ற கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. சாவு வீட்டில் கண்ணாடிகளைத் துணியால் மூடும் வழக்கம் அங்கே உண்டு, சாரா இறந்தபோது இதை மட்டும் மூட மறந்ததால் தாயும் பிள்ளைகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணாடியில் கைத்தடம் போல, விரல் இழுத்த கோடு போலக் கறைகள் தெரியும். துடைத்தால் போகாது, ஏனென்றால் கறை கண்ணாடியின் பின்பக்கப் பூச்சில் இருக்கிறது. ஈரக்காற்று நிறைந்த ஊரில் பழைய கண்ணாடிகளின் பூச்சு இப்படித்தான் உரியும். நம் வீடுகளில் கிடக்கும் பழைய பீரோ கண்ணாடியிலும் இதைப் பார்த்திருக்கிறோம்.

இந்த வீட்டில் பத்துக் கொலை நடந்ததாகச் சொல்கிறார்கள். ஆவணத்தில் இருப்பது ஒன்று. 1871 ஜனவரியில் வில்லியம் வின்டர் என்ற வழக்கறிஞர், அந்த வீட்டு மருமகன், குதிரையில் வந்த யாரோ கூப்பிட வெளியே வந்தார், தாழ்வாரத்திலேயே சுடப்பட்டு இறந்தார். கதையில் அவர் ரத்தம் வழிய உள்ளே வந்து, மாடிப்படியில் தவழ்ந்து ஏறி, 17ஆம் படியில் மனைவி மடியில் உயிர் விடுகிறார். இரவில் அந்தக் காலடியோசை 17ஆம் படியில் நிற்குமாம். அழகான கதை, ஆனால் மனிதர் தாழ்வாரத்தைத் தாண்டவே இல்லை.

பிராட்ஃபோர்டோடு நேரடியாகச் சேர்த்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. டியூனிகா பழங்குடியினரின் இடுகாட்டின் மேல் அவர் வீட்டைக் கட்டினார், அதனால்தான் இவ்வளவு சாபம் என்பது. இந்த வீட்டுக்கு அடியில் இடுகாடு இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அதே மேற்கு ஃபெலிசியானா வட்டாரத்தில், ஆற்றோரமாக ட்ரூடோ என்ற இன்னொரு தோட்டத்தில், உண்மையான டியூனிகா இடுகாடு இருந்தது. 1731 முதல் 1764 வரை டியூனிகா மக்கள் வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சுக்காரர்களோடு உப்பும் குதிரையும் வாங்கி விற்று வசதியாக வாழ்ந்தவர்கள். செத்தவர்களோடு செம்புப் பாத்திரம், துப்பாக்கி, மணிமாலை, பீங்கான் எல்லாம் சேர்த்துப் புதைத்தார்கள்.

1960களின் கடைசியில் பக்கத்து அங்கோலா சிறையின் காவலர் ஒருவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். மூன்று வருடம் தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கலைத்து, டன் கணக்கில் பொருட்களை எடுத்தார். அந்தச் சிறை நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் தோட்டம்தான், அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் தாய்நாட்டின் பெயரைத்தான் அது சுமக்கிறது. எடுத்த பொருளுக்குத் தான்தான் சொந்தக்காரர் என்று அவர் வழக்குப் போட்டார். டியூனிகா-பிலாக்சி மக்கள் எதிர்த்து நின்றார்கள். செத்தவரோடு வைத்த பொருள் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பொருள் ஆகாது, அது அவர்கள் வழிவந்தவர்களுக்கே சொந்தம் என்று 1986இல் லூசியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடியினரின் எலும்புகளையும் புதைபொருட்களையும் திருப்பித் தர வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டத்துக்கு வழி திறந்தவற்றில் அந்தத் தீர்ப்பும் ஒன்று. மார்க்ஸ்வில் என்ற ஊரில் அந்த மக்கள் தங்கள் முன்னோரின் பொருட்களைத் தாங்களே பராமரிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, எந்தப் பேய்க்கதைக்கும் அப்படி ஆனதில்லை. செய்தவர் பெயரும் தெரியும், கலைக்கப்பட்டவர்கள் யார் என்பதும் தெரியும், அவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு வந்து நீதிமன்றத்தில் நின்றார்கள். மர்ட்டில்ஸ் கதையில் டியூனிகா மக்கள் வெறும் சாபமாக மட்டும் வருகிறார்கள், எப்போதோ அழிந்துபோனவர்கள் போல.

உட்ரஃப் 1834இல் சொத்தை விற்றார், நியூ ஆர்லியன்ஸில் வாழ்ந்தார், 1851இல் இறந்தார். வாங்கியவர் ரஃபின் கிரே ஸ்டர்லிங். அவர்தான் வீட்டை இரட்டிப்பாக்கினார், ஐரோப்பியச் சாமான்களால் நிரப்பினார், சுற்றிப் பூத்திருந்த கிரேப் மர்ட்டில் மரங்களைப் பார்த்து 'தி மர்ட்டில்ஸ்' என்று பெயரையும் மாற்றினார். ஆசியாவிலிருந்து போன மரம் அது, நம்மூர்ப் பூமருதுக்கு ஒன்றுவிட்ட உறவு.

அந்த விற்பனையில் நிலமும் வீடும் மட்டும் கைமாறவில்லை. அடிமைகளும் சேர்ந்துதான். லூசியானாவில் சொத்தை விற்கும்போதும், சொத்துக்காரர் இறந்து கணக்கெடுக்கும்போதும், அடிமைகளை ஒவ்வொருவராக எழுதுவார்கள்: பெயர், வயது, என்ன வேலை தெரியும், உடம்பில் என்ன குறை, என்ன விலை. மாடு, ஏர், கட்டில், கண்ணாடி எல்லாம் வரும் அதே காகிதத்தில். வரலாற்றாசிரியர் குவென்டலின் மிட்லோ ஹால் மாநிலம் முழுவதும் நீதிமன்றப் பழைய கட்டுகளைப் பிரித்து, இப்படி எழுதப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரைப் பெயர் பெயராகத் தொகுத்தார். அதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உட்ரஃப் வீட்டுக் காகிதங்களில் குளோயியைத் தேடிப் போனவர்கள் அவள் பெயர் இல்லை என்று திரும்பி வந்தார்கள். அந்தக் காகிதங்களில் வேறு பெயர்கள் இருந்தன.